பூட் ஆகும்போது அவுட்புட் பின்கள்: ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராஸ்பெர்ரி பை (சுருக்கமாக பை) என்ற சின்னக் கணினியில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), மின்விசிறி, எல்இடி என்று எதையாவது கட்டியவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கடைசியில் ஒரே சந்தேகத்தில்தான் வந்து நிற்கிறது: என் நிரல் எழுந்திருக்கும் முன்னாலேயே பின் (கம்பி மாட்டும் முனை) ஏன் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போய் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டுவிட்டேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டுங்கள். சிஸ்டம்டி, பைத்தான் பெயர்களில் மட்டும் பெரிய எழுத்துகளும் கலந்து வரும், அவற்றை ஆவணத்தில் பார்த்துத் தட்டுங்கள்.

பின் 11ங்கிறாங்க, ஜிபிஐஓ 17ங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணா?

ஒரே கம்பிதான், இரண்டு பெயர். ஜிபிஐஓ என்பது நிரலால் ஆளக்கூடிய பொதுப் பின். 11 என்பது 40 முனை வரிசையில் அது உட்கார்ந்திருக்கும் இடம். 17 என்பது சிப்புக்குள் அதன் எண். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்வது சிப் எண்ணை. பூட் அமைப்புக் கோப்பும் கர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) அதைத்தான் புரிந்துகொள்ளும். சந்தேகம் வந்தால் டெர்மினலில் ‘பின்அவுட்’ என்று தட்டினால் படமே வந்துவிடும்.

நான் எதுவும் சொல்றதுக்கு முன்னாடி பின் எந்த நிலையில இருக்கும்?

இன்புட்டாக இருக்கும். கரண்ட் வந்த நொடியில் எல்லா ஜிபிஐஓ பின்களும் இன்புட்தான். ஆனால் சும்மா மிதப்பதில்லை. சிப்புக்குள்ளேயே சுமார் 50 கிலோ ஓம் மின்தடை ஒன்று ஒவ்வொரு பின்னையும் மேலேயோ கீழேயோ மெதுவாக இழுத்துப் பிடித்திருக்கும். 0 முதல் 8 வரை உள்ளவை மேலே, அதாவது 3.3 வோல்ட் பக்கம். 9 முதல் 27 வரை உள்ளவை கீழே, அதாவது கிரவுண்ட் பக்கம்.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்குப் பதில் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

பவர் போட்டதும் ரிலே டக்குனு அடிக்குது, பைத்தான் ஓட ஆரம்பிச்சதும் சரியாயிடுது. ரிலே கெட்டுப்போச்சா?

ரிலே நன்றாகத்தான் இருக்கிறது. பின்னைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். நான் செய்த தப்பையே சொல்கிறேன். மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை பை வழியாக ஓட்ட நினைத்து, ஜிபிஐஓ 4-இல் ஒரு மாஸ்ஃபெட்டின் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) கேட்டை, அதாவது அதை இயக்கும் முனையை, நேராகக் கட்டினேன். மாஸ்ஃபெட் ரிலேயை ஓட்டும். ரிலேயின் முனைகள் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியின் பச்சைப் பொத்தானுக்குக் குறுக்கே போகும். பகலில் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. ராத்திரி கரண்ட் போய் வந்தது. விடிந்து பார்த்தால் தொட்டி நிரம்பி வழிந்து மாடிப்படி முழுக்கத் தண்ணீர்.

நடந்தது இதுதான். 4-ஆம் பின், முந்தைய பதிலில் சொன்ன ‘மேலே இழுக்கும்’ கூட்டத்தைச் சேர்ந்தது. கரண்ட் வந்ததும் உள் மின்தடை வழியாக கேட்டுக்கு 3.3 வோல்ட் போனது. மாஸ்ஃபெட்டின் கேட் கரண்டைக் குடிப்பதில்லை என்பதால் அந்த மெல்லிய இழுப்பே அதற்குப் போதும். ரிலே ஒட்டிக்கொண்டது. என் நிரல் எழுந்து ரிலேயை விடுவித்ததென்னவோ உண்மை. ஆனால் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை ஒரு கணம் அழுத்தினால் போதும், காண்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய ரிலே) தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். சிவப்புப் பொத்தானை அழுத்த அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை.

அப்போ எந்தப் பின்னை எடுக்கணும்?

முதலில் உங்கள் ரிலே போர்டு எதற்கு ஒட்டுகிறது என்று பாருங்கள். சிக்னல் ஹையானால் (3.3 வோல்ட்) ஒட்டும் வகை என்றால் கீழே இழுக்கும் பின்களில் ஒன்றை எடுங்கள்: 17, 22 முதல் 27 வரை. கடையில் கிடைக்கும் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் சிப்) வைத்த நீல ரிலே போர்டுகளில் பல, சிக்னல் லோவானால் (0 வோல்ட்) ஒட்டுபவை. அவற்றுக்கு மேலே இழுக்கும் 5 அல்லது 6 பொருத்தம்.

0-ஐயும் 1-ஐயும் தொடாதீர்கள். மேலே செருகும் ஹேட் போர்டின் அடையாளச் சிப்பைப் படிக்க பூட் நேரத்தில் பை அவற்றைப் பயன்படுத்துகிறது. 2, 3 இரண்டிலும் போர்டிலேயே 1.8 கிலோ ஓம் மின்தடை மேலே இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது, எளிதில் கீழே வராது. 14 சீரியல் பின். சீரியல் கன்சோல் ஆன் ஆகியிருந்தால் பூட் செய்திகள் அதன் வழியாகத் துடிதுடித்துக்கொண்டு போகும். அங்கே ரிலே கட்டியவர் ஒருவர் ‘டைப்ரைட்டர் மாதிரி அடிக்குது’ என்றார், அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது.

நிரல் எழுதாமலே பூட்டுலயே அவுட்புட் ஆக்க வழி இருக்கா?

இருக்கிறது. பூட் பகிர்வில் உள்ள கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பில் ஒரு வரி போதும்:

ஜிபிஐஓ=17=ஓபி,டிஎல்

ஓபி என்றால் அவுட்புட், டிஎல் என்றால் லோ. ஹை வேண்டுமானால் டிஎச். இன்புட்டாகவே வைத்து இழுப்பை மட்டும் மாற்ற ஐபி-யுடன் பியு அல்லது பிடி சேர்க்கலாம். பல பின்களுக்குச் சேர்த்து ஜிபிஐஓ=22-27=ஓபி,டிஎல் என்றும் எழுதலாம். இதைப் படிப்பது லினக்ஸ் அல்ல, அதற்கு முன்னால் ஓடும் ஃபர்ம்வேர். அதனால் கர்னல் எழும் முன்பே பின் உங்கள் சொல்பேச்சுக்கு வந்துவிடும்.

அந்த வரியைப் போட்டேன். ஒண்ணுமே மாறலையே?

இரண்டு காரணங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒன்று, கோப்பு இடம் மாறிவிட்டது. 2023 அக்டோபரில் வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பிலிருந்து அது பூட் அடைவுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற உள் அடைவில் இருக்கிறது. பழைய குறிப்புகளைப் பார்த்துப் பழைய இடத்தில் திருத்தினால் யாரும் அதைப் படிக்கமாட்டார்கள்.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கம். அந்தக் கோப்பில் சதுர அடைப்புக்குறிக்குள் சிஎம்4, பை4 என்று தலைப்புகள் இருக்கும். ஒரு தலைப்புக்குக் கீழே எழுதியது அந்த மாடலுக்கு மட்டும்தான் செல்லும். உங்கள் வரி தெரியாமல் சிஎம்4 தலைப்பின் கீழே போய் உட்கார்ந்திருக்கலாம். ‘ஆல்’ என்ற தலைப்பின் கீழே நகர்த்துங்கள்.

மாறியதா என்று பார்க்க: பின்சிடிஆர்எல் கெட் 17. வரும் வரியில் ஓபி என்றும் லோ என்றும் இருந்தால் சரி. பழைய பதிப்புகளில் இதே வேலைக்கு ராஸ்பி-ஜிபிஐஓ என்ற கட்டளை.

வரி வேலை செய்யுது. ஆனாலும் பவர் போட்ட முதல் ரெண்டு மூணு செகண்ட் பழைய மாதிரிதான் இருக்கு.

இருக்கத்தான் செய்யும். ஃபர்ம்வேர் எழுந்து, அட்டையைத் தேடி, கோப்பைப் படித்த பிறகுதான் வரிக்கு உயிர். எஸ்டி கார்டில் ஓரிரு நொடி. யுஎஸ்பி டிஸ்க்கிலிருந்தோ நெட்வொர்க் வழியாகவோ பூட் செய்தால் இன்னும் கூடும். அதுவரை பின் இரண்டாவது பதிலில் சொன்ன நிலையில்தான். எந்த மென்பொருளாலும் அந்த இடைவெளியை மூட முடியாது, ஏனென்றால் உங்கள் வரியை அப்போது எந்த மென்பொருளும் இன்னும் படித்திருக்காது.

மூடுவது ஒரு 10 கிலோ ஓம் மின்தடை. ஹையில் ஒட்டும் சுற்று என்றால் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு. லோவில் ஒட்டுவது என்றால் பின்னிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு, மறந்தும் 5 வோல்ட்டுக்கு வேண்டாம். கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். மேலே இழுக்கும் பின்னில் உள்ளே 50, வெளியே கிரவுண்டுக்கு 10 என்றால் பின்னில் நிற்பது 3.3-இல் ஆறில் ஒரு பங்கு, அதாவது 0.55 வோல்ட். மாஸ்ஃபெட் அசையாது. சாதாரண டிரான்சிஸ்டரின் பேஸுக்கு 0.55 கொஞ்சம் பயமான எல்லை. அங்கே 4.7 கிலோ ஓம் போடுங்கள், 0.28-க்கு இறங்கிவிடும். என் தொட்டியில் இப்போது பின்னையும் 17-க்கு மாற்றி, 10 கிலோ ஓம் மின்தடையும் வைத்திருக்கிறேன்.

ஆர்சி.லோக்கல்ல ஒரு வரி எழுதினா போதாதா? இவ்வளவு எதுக்கு?

எல்இடி மினுக்கப் போதும். ஆனால் ஆர்சி.லோக்கல் என்ற தொடக்க ஸ்கிரிப்ட் ஓடுவது பூட்டின் கடைசிக் கட்டத்தில். நேரம் வைத்து வேலை ஓட்டும் க்ரானில் ‘அட்ரீபூட்’ போடுவதும் அப்படித்தான். அதற்குள் பத்துப் பதினைந்து நொடி, பழைய மாடலில் அதற்கு மேலும் போயிருக்கும். தவிர, புதிய பதிப்புகளில் ஆர்சி.லோக்கல் கோப்பு தானாகவே இருப்பதில்லை.

லினக்ஸ் எழுந்த பிறகு செய்தால் போதும் என்றால் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் நிரல்) சேவை ஒன்று எழுதுங்கள். டைப்=ஒன்ஷாட், ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட்=யெஸ். எக்ஸெக்ஸ்டார்ட்டில் பின்சிடிஆர்எல் செட் 17 ஓபி டிஎல் என்று முழுப் பாதையுடன். எக்ஸெக்ஸ்டாப்பிலும் பாதுகாப்பான நிலையைக் கொடுத்துவிட்டால் மெஷினை அணைக்கும்போது அதுவும் நடக்கும். கான்ஃபிக் வரிக்குப் பதிலாக அல்ல, அதற்கு மேல் இன்னொரு காவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செஞ்சுட்டேன். இப்போ பைத்தான் ஆரம்பிக்கும்போது ஒரு டக். அது எங்கேருந்து வருது?

லோவில் ஒட்டும் ரிலேதானே? நிரலில் முதல் வரியில் செட்டப், அடுத்த வரியில் அவுட்புட் ஹை என்று எழுதியிருப்பீர்கள். பின் அவுட்புட்டாக மாறும் அந்தக் கணத்தில் என்ன மதிப்பு என்று நீங்கள் சொல்லவில்லை. கரண்ட் வந்த புதிதில் அது லோ. இரண்டு வரிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ரிலே அடித்துவிடுகிறது.

ஆர்பிஐ.ஜிபிஐஓ நூலகத்தில் செட்டப் வரியிலேயே இனிஷியல் என்று ஹையைக் கொடுங்கள். அது மதிப்பை முதலில் எழுதிவிட்டுத்தான் திசையை மாற்றும். ஜிபிஐஓஜீரோ என்ற இன்னொரு நூலகத்தில் ஆக்டிவ்_ஹை=ஃபால்ஸ் என்று சொல்லிவிட்டால் ‘ஆஃப்’ என்பது ஹை என்று அதுவே புரிந்துகொள்ளும். இனிஷியல்_வேல்யூ=நன் என்று கொடுத்தால் பின் இருந்த நிலையை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும். கான்ஃபிக் கோப்பில் ஏற்கனவே நிலையை வைத்துவிட்டவர்களுக்கு இதுதான் வசதி.

நிரலை நிறுத்தினா பின்னும் விட்டுப்போயிடுது. நிலை அப்படியே நிக்கணும்னா?

ஜிபிஐஓஜீரோ வெளியேறும்போது துப்புரவாகப் பின்னை இன்புட்டாக்கிவிட்டுப் போகும். அது குறையல்ல, அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். டெர்மினலிலிருந்து பின்னை மாற்றும் ஜிபிஐஓசெட் கட்டளையும் அந்தப் பின்னைத் தன் கையில் வைத்திருக்கும் வரைதான் உத்தரவாதம் தருகிறது. அதை விட்ட பிறகு பின் என்ன ஆகும் என்பது கர்னலுக்குக் கர்னல் மாறும், நம்பாதீர்கள்.

நிலை நிற்க வேண்டும் என்றால் பின்னை கர்னலிடமே ஒப்படைத்துவிடுங்கள். எனக்குப் பிடித்த குறுக்குவழி, கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பில் ரிலேயை எல்இடி என்று பொய் சொல்வது: டிடிஓவர்லே=ஜிபிஐஓ-லெட்,ஜிபிஐஓ=17,லேபிள்=மோட்டார். பூட் ஆனதும் சிஸ், கிளாஸ், லெட்ஸ் அடைவுகளுக்குள் மோட்டார் என்று ஒன்று முளைத்திருக்கும். அதன் பிரைட்னஸ் கோப்பில் 1 எழுதினால் ஒட்டும், 0 எழுதினால் விடும். எழுதிய நிரல் செத்துப்போனாலும் நிலை நிற்கும்.

ஜிபிஐஓ-ஹாக்னு ஒண்ணு இருக்காமே?

பின் எப்போதும் ஒரே நிலையில் இருந்தால் போதும், யாரும் தொடவே கூடாது என்றால் அது. டிடிஓவர்லே=ஜிபிஐஓ-ஹாக்,ஜிபிஐஓ=17 என்றால் ஹை, கூடவே ஆக்டிவ்_லோ சேர்த்தால் லோ. ஜிபிஐஓசெட் கேட்டாலும் ‘பிஸி’ என்று கர்னல் துரத்திவிடும். வெளிப்பலகை ஒன்றின் எனேபிள் பின்னுக்குச் சரி, ரிலேக்கு உதவாது.

எக்ஸ்போர்ட் கோப்புல 17னு எழுதுவேன், வருஷக்கணக்கா ஓடிச்சு. அப்டேட் பண்ணதும் ‘இன்வேலிட் ஆர்க்யுமென்ட்’னு வருது.

கோப்பில் எண்ணை எழுதிப் பின்னைத் திறக்கும் பழைய சிஸ்எஃப்எஸ் வழி அது. கர்னல் 4.8-இல், 2016-இலேயே, அதற்குப் பதிலாகப் புதிய வழி வந்து, இதைக் கைவிடப்பட்ட பட்டியலில் போட்டுவிட்டார்கள். 6.6 கர்னலில் எண்கள் 0-இலிருந்து தொடங்காமல் பை 4 போன்றவற்றில் 512-இலிருந்து தொடங்குகின்றன. ஆக 17 என்பது அங்கே 529. 529 என்று எழுதினால் இன்றைக்கு ஓடும், ஆனால் அதைப் பிடித்துத் தொங்காதீர்கள். ஜிபிஐஓசெட்டுக்கோ மேலே சொன்ன லெட் வழிக்கோ மாறிவிடுங்கள்.

பை 5 வாங்கினேன். பழைய நிரல் அப்படியே படுத்துடுச்சு.

பை 5-இல் பின்களை ஆள்வது பிரதான சிப் அல்ல, ஆர்பி1 என்ற தனிச் சிப். பழைய ஆர்பிஐ.ஜிபிஐஓ நூலகம் பிரதான சிப்பின் நினைவக முகவரிகளை நேரடியாகத் தொட்டு வேலை செய்தது. இங்கே அந்த முகவரியில் ஆள் இல்லை. ஜிபிஐஓஜீரோவுக்கு மாறுங்கள். நிரலை மாற்ற மனமில்லை என்றால் ஆர்பிஐ-எல்ஜிபிஐஓ என்ற மாற்று நூலகம் அதே பெயர்களில் கிடைக்கிறது.

இன்னொன்று, தொடக்கத்தில் பை 5-இல் இந்தப் பின்கள் ஜிபிஐஓசிப்4 என்ற பெயரில் இருந்தன, பிறகு 0 ஆனது. நிரலில் எண்ணை எழுதி வைத்திருந்தால் ஜிபிஐஓடிடெக்ட் கட்டளையை ஓட்டிச் சரிபாருங்கள்.

லோவுல ஒட்டுற ரிலே போர்டு, 5 வோல்ட். ஹை கொடுத்தாலும் முழுசா விட மாட்டேங்குது. பின்னை இன்புட் ஆக்கினாத்தான் விடுது!

போர்டுக்குள் 5 வோல்ட்டிலிருந்து ஆப்டோகப்ளரின் எல்இடி வழியாகக் கம்பி உங்கள் பின்னுக்கு வருகிறது. நீங்கள் கொடுக்கும் ஹை 3.3 மட்டுமே. நடுவில் 1.7 வோல்ட் மிச்சம் நிற்கிறது. சில போர்டுகளில் அந்த மிச்சமே எல்இடியை மங்கலாக எரியவிடப் போதும். இன்புட்டாக்கினால் விடுகிறது என்று அதே நிலையில் பல பேர் ஓட்டுகிறார்கள், ஆனால் அப்போது 3.3-க்கு மேல் தாங்காத பின்னில் 5 வோல்ட் பக்கத்திலிருந்து அழுத்தம் வருகிறது.

போர்டில் ஜேடி-விசிசி என்று ஒரு ஜம்பர் இருந்தால் அதைக் கழற்றுங்கள். ஜேடி-விசிசிக்கு 5 வோல்ட், விசிசிக்கு பையின் 3.3 வோல்ட். காயிலுக்கு (ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) 5, சிக்னல் பக்கத்துக்கு 3.3 என்று பிரிந்துவிடும். அந்த ஜம்பர் இல்லாத போர்டு என்றால் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் போடுவதுதான் வழி.

ஷட்டவுன் பண்ணா, ரீபூட் பண்ணா என்ன ஆகும்?

ரீபூட்டில் சிப் ரீசெட் ஆகும், பின் மறுபடி இன்புட். அதாவது பூட் இடைவெளி ரீபூட்டிலும் உண்டு, அங்கேயும் காப்பது அந்த 10 கிலோ ஓம்தான். ஷட்டவுனுக்குப் பிறகு அடாப்டரைப் பிடுங்கும் வரை போர்டில் கரண்ட் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அதனால்தான் எக்ஸெக்ஸ்டாப்பில் பாதுகாப்பான நிலையை எழுதச் சொன்னேன்.

‘முழுசா அணைஞ்சாச்சு’ என்று வெளிச் சுற்றுக்குச் சொல்ல ஒரு பின் வேண்டும் என்றால் ஜிபிஐஓ-பவர்ஆஃப் ஓவர்லே (இதுவும் ஒரு டிடிஓவர்லே வரிதான்) இருக்கிறது. அதைப் போட்டால் ஜிபிஐஓ 3-ஐக் கிரவுண்டில் தொட்டு அணைந்த பையை எழுப்பும் வசதி போய்விடும், தெரிந்து போடுங்கள்.

மோட்டாரோட கட்டுறதுக்கு முன்னாடி எப்படிச் சோதிக்கிறது?

ரிலேயையே கட்டாதீர்கள். அதன் இடத்தில் ஒரு எல்இடியும் 1 கிலோ ஓமும். இங்கே ஒரு பொறி: பின்னில் நேராக எல்இடி கட்டினால் 50 கிலோ ஓம் வழியாக வரும் கரண்டில் அது கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலாகத்தான் எரியும், ‘ஆஃப்’ என்று ஏமாந்துவிடுவீர்கள். மாஸ்ஃபெட்டுக்கு அந்தப் பக்கம், ரிலே காயில் இருந்த இடத்தில் கட்டுங்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, பையின் அடாப்டரைச் சுவரில் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுங்கள். ரீபூட் கட்டளை மட்டும் கொடுத்துச் சோதித்தால் போதாது. ஒரு தடவை எஸ்டி கார்டை எடுத்துவிட்டும் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். மென்பொருளே இல்லாமல் பின் என்ன செய்கிறது என்பது அப்போது அப்பட்டமாகத் தெரியும்.

நிரல் மோட்டாரை ஆன் பண்ணிட்டு ஹேங் ஆயிட்டா?

பின் கடைசியாகச் சொன்ன நிலையிலேயே நிற்கும். கர்னலே உறைந்தாலும் அப்படித்தான். பையில் வன்பொருள் வாட்ச்டாக் (உறைந்துபோனால் ரீசெட் செய்யும் காவல் டைமர்) இருக்கிறது. சிஸ்டம்டியின் அமைப்புக் கோப்பில் ரன்டைம்வாட்ச்டாக்செக் என்ற வரிக்கு 10 என்று கொடுத்தால், கர்னலோ சிஸ்டம்டியோ உறைந்தால் அது சிப்பை ரீசெட் செய்யும், பின் இன்புட்டாகும், மின்தடை ரிலேயை விடுவிக்கும். உங்கள் நிரல் மட்டும் உறைந்தால் அதற்கு இது தெரியாது. அந்த நிரலின் சேவைக் கோப்பில் வாட்ச்டாக்செக் தனியாகப் போட்டு, நிரலும் அவ்வப்போது சிஸ்டம்டிக்கு ‘இருக்கிறேன்’ என்று சொல்லவேண்டும்.

ஆனால் என் தொட்டியைப் போல ஸ்டார்ட்டர் பெட்டி நடுவில் இருந்தால் ரிலேயை விடுவித்தும் பயனில்லை, காண்டாக்டர் தன்னைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு பையில் நான் எதுவும் செய்யவில்லை. தொட்டிக்குள் ஒரு மிதவை சுவிட்ச் தொங்கவிட்டு, அதன் கம்பியைச் சிவப்புப் பொத்தானோடு தொடராக எலக்ட்ரீஷியனை வைத்துச் சேர்த்துவிட்டேன். தண்ணீர் மேலே வந்ததும் மிதவை கவிழ்ந்து சுற்றைத் துண்டிக்கும். பை தூங்கினாலும் சரி, விழித்திருந்தாலும் சரி.